இரட்டைக் கட்டில்

மெல்பர்னில் வந்திறங்கிய முதல் வாரமே கட்டில் வாங்கப் போனார்கள். தேன்மொழி மெத்தையில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தாள்.

“ரெண்டு வருஷம்தான் இருப்போம். அப்புறம் நான் ஸ்கூலுக்குத் திரும்பணும்,” என்றாள்.

“அப்படின்னா வாடகைக்கே எடுத்துக்கலாமே, மேடம்,” என்றார் மதுரைக்காரரான விற்பனையாளர்.

“வேண்டாம், சொந்தமாவே வாங்கிக்கறோம். நாங்க திரும்பிப் போகலை,” என்றான் கணவன் மாறன்.

“அப்ப என் வேலை?”

“ராஜினாமா அனுப்பிட்டேன். வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே, அதுலதான்.”

விடுப்பை நீட்டிக்கத் தேவைப்படும் என்று சொல்லித்தான் அந்தக் கையெழுத்தை வாங்கியிருந்தான். பன்னிரண்டு வருட ஆசிரியை வேலை. அவன் இன்னமும் கட்டில் சட்டத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேன்மொழி எழுந்தாள்.

“அண்ணே, ஒத்தைக் கட்டில் எந்தப் பக்கம் இருக்கு?”