வித்தியாசம் பூஜ்யம்

“உண்மையச் சொல்லுங்கக்கா. வீடு வீடாப் போனீங்களா, இல்ல உக்காந்த இடத்துலயே டிக் அடிச்சீங்களா?”

ஆராய்ச்சி மாணவன் பதிவேட்டை மேசைமேல் பொத்தென்று போட்டான். சுகாதார நிலையத்தின் பின்னறையில் தடுப்பூசி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த களப்பணியாளர் அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க? ஆறு மாசத்துல மூணு ஜோடி செருப்பு தேஞ்சுபோச்சு!”

“நாப்பது வீட்டுக்கு மூணு ஜோடியா? யார் காதுல பூ சுத்துறீங்க?”

அவனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும், மூன்று வருடப் பாடாயிற்றே! தடுப்பூசி நாளை வீட்டுக்கே போய் நினைவுபடுத்தினால் தாய்மார்கள் பிள்ளைகளைத் தவறாமல் கூட்டிவருவார்களா என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி.

சீட்டுக் குலுக்கியதில் தெருவின் இடப்பக்கம் விழுந்தது. அந்த நாற்பது வீடுகளுக்கு மட்டும் அக்கா போகவேண்டும். வலப்பக்கத்து நாற்பது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்து நின்றது. அட்டவணையின் கடைசிக் கட்டத்தில், வித்தியாசம் பூஜ்யம். அதைப் பார்த்த நிமிடத்திலிருந்து வேறெந்தக் கட்டமும் அவன் கண்ணில் படவில்லை.

“போகாமலே போனதா எழுதினா இப்படித்தான் வரும். வித்தியாசம் இல்லேன்னா வீட்டுக்குப் போய் நினைவுபடுத்துற திட்டத்தால பிரயோஜனம் இல்லேன்னு அர்த்தம். பேராசிரியர் காலையிலயே அறிக்கையை அனுப்பிட்டாரு. இப்போ சுகாதாரத் துறையில கூட்டம் நடக்குது, தெரியுமா?”

“தெரியும் தம்பி. எங்க களப்பணியாளருங்க அறுபது பேரு வேலையும் அதுலதானே இருக்கு.”

“தெரிஞ்சும் இப்படிப் பண்ணியிருக்கீங்களே! என் தலையில மண்ணள்ளிப் போட உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

அக்கா கையிலிருந்த அட்டைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளமனம் துள்ளும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

செல்போன் அடித்தது. பேராசிரியர்தான். “முடிஞ்சுபோச்சுப்பா. திட்டத்தை நிறுத்தி உத்தரவு போட்டாச்சு. நம்ம அறிக்கையைக் காட்டித்தான் நிறுத்தினாங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவன் அப்படியே நாற்காலியில் சரிந்தான். அவன் முகத்தைப் பார்த்தே அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வேலையே போயிடுச்சு, இனிமே என்ன பயம்? நான் பண்ணது தப்புதான் தம்பி. நீங்க சொன்னபடி நான் செய்யலை.”

“அப்படி வாங்க வழிக்கு! இப்பவாவது வாயைத் திறந்தீங்களே. எத்தனை வீட்டை விட்டீங்க?”

“எதையும் விடலை தம்பி. எதிர்ப்பக்கத்துலயும் புள்ளைங்கதானே இருக்கு?”