பச்சை விளக்கு எரியும் வரை

றஜீனா வீட்டுக் கதவைத் திறக்கவும் தொலைபேசி அடிக்கவும் சரியாக இருந்தது. மீன் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்தாள்.

"மேடம், என் பெயர் கெவின். இணையப் பாதுகாப்புப் பிரிவு. உங்கள் இணைப்புக்குள் திருடர்கள் புகுந்துவிட்டார்கள்" என்று ஆங்கிலத்தில் குழைந்தது ஒரு குரல். கெவின் என்ற பெயர் அவனைப் பெற்றவளுக்குத் தெரியுமோ என்னவோ.

றஜீனா மேசையைப் பார்த்தாள். மொடம் இன்னும் பாதி பெட்டிக்குள்தான் இருந்தது. இணையமே வராத வீட்டுக்குள் திருடர்கள் எந்த வழியாகப் புகுந்தார்களாம்?

வைத்துவிடப் போனாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

"கெவினோ? வையாதையும், வையாதையும்! இஞ்சை தாரும்!"

அது அவளுடைய கணவர் பஸ்தியாம்பிள்ளை. வயது எழுபத்து மூன்று. எதையும் தானே பொருத்திப் பூட்டுவேன் என்று அடம்பிடிப்பவர். அவர் பூட்டிய அலுமாரிக்கு முன்னால் நின்று தும்ம, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இன்றுவரை ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அன்று லண்டன் நேரம் பின்னேரம் மூன்று மணிக்கு ரொறொன்ரோவில் மகன் டினேஷின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இருவரிடமும் இருந்த கைப்பேசிகளோ படம் காட்டத் தெரியாத ஆதிகாலத்துச் சாமான்கள். கம்பியூட்டரில் பார்த்தால்தான் உண்டு. மொடம் தபாலில் வந்து பதினொரு நாளாகிவிட்டது. இணையக் கொம்பனிக்கு ஃபோன் எடுத்தால் பியானோ வாசித்துக்கொண்டே இருப்பார்கள்; கேட்டுக் கேட்டே பஸ்தியாம்பிள்ளை தனிக் கச்சேரி வைக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்.

மணி இரண்டு.

"இஞ்சருங்கோ, இவன் கள்ளன்!" றஜீனா கிசுகிசுத்தாள். "போன ஞாயிறு ஃபாதர் பூசையிலை சொன்னவரெல்லே? லூயிஷாமிலை ஒரு மனிசி பாங்கிலை கிடந்ததை முழுக்கத் தூக்கிக் குடுத்திட்டுதாம்!"

"சும்மா இரும். பொடியன் லைனிலை காத்துக்கொண்டு நிக்கிறான்."

அப்போதுதான் தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்த கடித உறை அவள் கண்ணில் பட்டது. அதன் முதுகில் பஸ்தியாம்பிள்ளையின் கையெழுத்தில் நீளமாக ஓர் இலக்கம். பாங்க் கார்ட் இலக்கம்! வாசித்துக் காட்ட ஆயத்தமாக எழுதியே வைத்திருக்கிறார்! பறித்துக் கைப்பைக்குள் திணித்து, பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"சேர், திருடர்களை விரட்ட வேண்டுமானால் முதலில் இணைப்பு வேலை செய்ய வேண்டும்" என்றான் கெவின். "சாம்பல் நிற வயரைச் செருகினீர்களா?"

"செருகினேன்."

"என்ன வெளிச்சம் எரிகிறது?"

"ஒன்றுமே இல்லை."

"மின்சார வயர்?"

"அதை நீ சொல்லவேயில்லையே!"

மறுமுனையில் யாரோ எதிலோ தலையை முட்டிக்கொள்ளும் ஓசை கேட்டது.

பாவம் கெவின். மொடத்தின் கையேட்டை எங்கிருந்தோ தேடி எடுத்து, போர்த்துக்கீசப் பக்கம் உட்பட வாசித்துக் காட்டினான். கடவுச்சொல்லை நாலு தரம் அடிக்க வைத்தான். பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று ஒவ்வோர் எழுத்துக்கும் மன்றாடினான். இடையில் பஸ்தியாம்பிள்ளை தேத்தண்ணி ஊற்றப் போனபோதும் காத்திருந்தான். ஆரம்பத்தில் சொல்லுக்குச் சொல் ஒட்டியிருந்த 'சேர்' பாதி வழியில் கழன்று விழுந்து, 'அங்கிள்' ஆகிவிட்டது.

றஜீனா செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினாள். அவள் உருட்ட உருட்ட மொடத்தில் ஒவ்வொரு விளக்காக எரிந்தது. மாதாவும் கள்ளனுக்குத் துணைபோகிறாவோ என்று அவளுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம். கடைசி விளக்கு மினுங்கி மினுங்கிப் பச்சையாக நின்றது.

"வந்திட்டுது!" பஸ்தியாம்பிள்ளை கத்தினார்.

கெவினும் கத்தினான். "அங்கிள், இப்போது உங்கள் பாங்கின் பக்கத்தைத் திறவுங்கள்."

பஸ்தியாம்பிள்ளை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். றஜீனா கண்களை இறுக்கி மூடினாள்.

திறந்தபோது திரையில் ரொறொன்ரோக் கோவில் தெரிந்தது. டினேஷின் கையில் பேரன் வீரிட்டுக்கொண்டிருந்தான்.

"கெவின், பேரனின் தலையில் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள். நீ நன்றாக இருப்பாய்" என்று சொல்லி, பஸ்தியாம்பிள்ளை தொலைபேசியை வைத்துவிட்டார்.

றஜீனாவுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

"அவன் கள்ளன் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாமல் என்ன?"

"பிறகேன் அவன்ரை ஃபோன் வந்த உடனை வைக்கேல்லை?"

"முதல் அந்தக் கவரைத் தாரும். கசக்கிப் போடாதையும், வாற கிழமை பிறின்ரர் வருது."

"பாங்க் நம்பருக்கும் பிறின்ரருக்கும் என்னப்பா?"

"ஆர் சொன்னது பாங்க் நம்பரெண்டு? போன மாதம் அவன் ஃபோன் அடிச்சு, எங்கடை ஆன்சரிங் மெசினிலை பதிஞ்சு விட்ட அவன்ரை நம்பர் அது. நீர் வரேக்கை அடிச்சது, நான் மொடத்துக்கு ஃபில்டர் பூட்ட ஃபோன் வயரைக் கழட்டினதிலை லைன் அறுந்துபோய், பாவம், அவன் திரும்ப எடுத்தது."

பேரனிலிருந்து கண்ணை எடுக்காமலே பஸ்தியாம்பிள்ளை சொன்னார்: "கொம்பனிக்குப் பதினொரு நாளாய் அடிச்சும் ஒருத்தரும் எடுக்கேல்லை, கள்ளனுக்கு அடிச்சன், முதல் மணியிலேயே எடுத்திட்டான்!"