கப்பல் அரிசியில் ஒரு கல்

“ஏம்மா மிண்டா, இந்த அட்டையைக் குத்தி வைக்க உனக்குக் கை கூசல?”

சந்தையே திரும்பிப் பார்த்தது. அரிசிப் பெட்டியில் குத்தியிருந்த விலை அட்டையை விரலால் சுண்டினார் தியோடுலோ. ‘கப்பல் அரிசி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

கப்பல் கப்பலாக வெளிநாட்டு அரிசி இறங்கத் தொடங்கியதிலிருந்து கிம்பா சந்தையில் எல்லாக் கடையிலும் அந்த அட்டைதான். ஆனால் தன் நெல்லை வாங்கும் மிண்டாவும் வைத்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு போகமாய் உள்ளுக்குள் புழுங்கியது, இன்று உரக்கடைக்காரன் இனிக் கடன் இல்லையென்று கையை விரித்ததும் இங்கே வந்து வெடித்துவிட்டது.

“நாங்க நெடுஞ்சாலையில நெல்லைக் கொட்டி, கோழியை விரட்டி, பஸ்காரன்கிட்ட திட்டு வாங்கிக் காயவெச்சு உன்கிட்ட கொண்டாந்து போடறோம். நீ அதை மணிலாவுக்கு நல்ல விலைக்கு அனுப்பிட்டு, இங்க ஊரான் அரிசியை விக்கிறே!”

மிண்டா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கத்தி முடிச்சுட்டீங்களாண்ணே? தண்ணி இருக்கு, குடிங்க.”

அரிசி வாங்க நின்ற சலவைக்காரி ஓனோராவுக்குப் பொறுமை போயிற்று. “அவங்க விக்கட்டுமே! குறைஞ்ச விலைக்கு அரிசி கிடைச்சு இப்பதான் எம்புள்ளைங்க ரெண்டு வேளை சாப்பிடுது. உங்க நெல்லு விலை போகணும்னு நாங்க பட்டினி கிடக்கணுமா?”

தியோடுலோ அவளை விட்டு மிண்டா பக்கம் திரும்பினார். கோபம் இன்னும் ஏறியது.

“அடுத்த அறுப்புக்கு ஒரு மூட்டைகூட உன் வாசலுக்கு வராது. பார்த்துக்க!”

மிண்டா முதல்முறையாக நிமிர்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“சரிண்ணே. அதுவும் நல்லதுக்குத்தான்.”

‘என்ன திமிர்!’ என்று நினைத்தார். பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரன் அவர் காதைக் கடித்தான். “லாரியைக் கூட வித்துட்டா தெரியுமா? கபனத்துவான் டவுன்ல நிலம் வாங்கிட்டாளாம்.”

“வாங்காம? எங்க வயித்துல அடிச்ச காசு!”

வீட்டில் மனைவி பெலென் சோற்றைப் போட்டு, முருங்கைக்கீரைச் சாறை ஊற்றி, கருவாட்டை ஓரமாக வைத்தாள். இரண்டாவது வாயிலேயே ‘நறுக்’கென்றது.

“கல்லு!”

“மெதுவா சாப்பிடுங்க. கண்ணு சரியாத் தெரியல எனக்கு.”

“எங்க வாங்கின இந்த அரிசியை?”

பெலென் கரண்டியைக் கீழே வைத்தாள். “மிண்டா கடையிலதான். அந்தக் கப்பல் அரிசிதான். முறைக்காதீங்க. சாப்பாட்டுக்கு வெச்ச நெல்லையும் வித்து உரக்கடனைக் கட்டியாச்சு. நம்ம அரிசி விக்கிற விலைக்கு நாம வாங்கித் திங்க முடியுமா?”

அவர் கல்லைத் துப்பிக் கையில் வைத்துப் பார்த்தார்.

கறுப்பாக இருந்தது. ஒரு பக்கம் தார் ஒட்டியிருந்தது.

அறுப்புக்கு முந்தின வாரம் அவர் வீட்டுக்கு எதிரே சாலையில் பள்ளத்துக்குத் தார் போட்டார்கள். அங்கேதான் நெல்லைக் காயப்போட்டார். வாரும்போதெல்லாம் இந்தக் கறுப்புச் சல்லிதான் வந்தது. பெலென் உட்கார்ந்து பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு ஒடிந்தாள்.

“கப்பல் அரிசியை மெஷின்லதானே காயவெப்பாங்க…” என்றார் தனக்குள்.

கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

காலையில் அவர் சந்தைக்குப் போனபோது மிண்டா கடையைச் சுற்றிக் கூட்டம். நடுவே ஓனோரா.

“எம்புள்ளை பல்லு உடையப் பார்த்துச்சு! இந்தா பாருங்க கல்லு! கப்பல் அரிசியில ஏதுய்யா கல்லு? கலப்படம் பண்றா! கூப்பிடுங்க சந்தை அதிகாரியை!”

 மிண்டா தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் தியோடுலோவுக்கு வழிவிட்டது. நேற்று அவர் போட்ட சத்தம் எல்லோருக்கும் நினைவிருந்தது.

“நீங்களே சொல்லுங்கண்ணே. உங்களுக்குத்தான் நெல்லு தெரியும்!” ஓனோரா கல்லை அவர் கையில் வைத்தாள்.

அதே கறுப்பு. அதே தார்.

“மூணு மாசம் கடல்ல, கிடங்குல கிடந்து வர்ற மூட்டை” என்றார். “அதுல கல்லு இல்லாம கற்கண்டா இருக்கும்? அவன் ஊர்லயும் ரோட்டுலதான் காயப்போடறான் போல. போம்மா, போய் அரிசியைக் களைஞ்சு ஆக்கு.”

யாரோ சிரித்தார்கள். மிண்டா ஓனோராவின் பையில் இன்னொரு படி அரிசியைப் போட்டாள். கூட்டம் கலைந்தது.

தியோடுலோ குரலைத் தாழ்த்தினார்.

“எல்லா வியாபாரியும் கிலோ பன்னிரண்டு பெசோவுக்குக் கேட்ட நெல்லை நீ பதினெட்டுக்கு எடுத்தே. எடுத்து, கப்பல் அரிசி விலைக்கு விக்கிறே. ஏம்மா? நம்ம ஊர் அரிசின்னாவது எழுதலாமே?”

“நம்ம அரிசின்னு எழுதி நம்ம விலை போட்டா, வாங்க ஓனோராகிட்ட காசு இல்ல. நம்ம அரிசின்னு எழுதி இந்த விலை போட்டா, ‘பாரு, உங்க அரிசியே இந்த விலைக்குத்தான் போவுது’ன்னு மத்தவன் எல்லாம் உங்க நெல்லை இன்னும் இறக்கிடுவான்.” கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். “அதான், அட்டையை மட்டும் மாத்தினேன்.”

“அப்ப கபனத்துவான் நிலம்?”

“எந்த நிலம்?”

“லாரியை வித்து…”

கடைக்குப் பின்னால் லாரி நிற்கும் இடத்தில் இப்போது ஒரு நாய் படுத்திருந்தது. மிண்டா அதைப் பார்த்தாள்.

“அந்த லாரியைத்தாண்ணே ரெண்டு போகமா ஊரே சோறாக்கித் தின்னுக்கிட்டு இருக்கு. இனிமே விக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. அதான், அடுத்த அறுப்புக்கு வரமாட்டேன்னு சொன்னீங்களே… இனி உங்க நெல்லை எடுக்க முடியாதுன்னு நானா எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன்.”