அக்கா சொன்ன ‘சரி’

மின்னலைப் பார்த்தாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆபீசில் எல்லோருக்கும் அவள் அக்காதான். தலை நரைக்கும்வரை புரோகிராம் எழுதியவள். மின்னல் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏ.ஐ.யிடம் ரெண்டு வரி சொல்வான். அவள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

மேனேஜருக்கு அவன் என்றால் உயிர். அக்காவுக்கு இப்போது ஒரே வேலைதான், மின்னல் அனுப்புவதைப் படித்துப் பார்த்து ‘சரி’ பட்டனை அழுத்துவது. பேர் அவனுக்கு, கண் எரிச்சல் இவளுக்கு.

அன்று வந்தது, வயதானவர்களுக்கு மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும் ஆப். எழுதியது ஏ.ஐ. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களை எழுதியதும் அதே ஏ.ஐ.தான். எல்லாவற்றிலும் பாஸ். தானே கேள்வித்தாள் போட்டு, தானே பரீட்சை எழுதினால் யார்தான் ஃபெயில் ஆவார்கள் என்று முணுமுணுத்தபடியே படித்தாள்.

கண்டுபிடித்தும் விட்டாள். போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், சாப்பிட்ட மாத்திரையையே இன்னொரு தடவை சாப்பிடச் சொல்லும். போனை அணைத்துப் பார்க்கும் டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. யாரும் சொல்லாததால் ஏ.ஐ.க்கு அது தோன்றவே இல்லை.

வேறொரு நாளாக இருந்தால் உடனே திருப்பி அனுப்பியிருப்பாள். ஆனால் காலையில்தான் இந்த வருடத்துச் சிறந்த ஊழியர் மின்னல் என்று மேனேஜர் அறிவித்திருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

வெளியே போகட்டும், வாங்கியவர்கள் கத்தட்டும், இவன் லட்சணம் சந்தி சிரிக்கட்டும் என்று நினைத்தாள்.

‘சரி’யை அழுத்தினாள்.

மறுநாள் மதியம் மின்னல் ரெண்டு காபியோடு அவள் மேஜைக்கு வந்தான்.

“மேனேஜர் இனிமே நீங்க பார்க்கவே வேணாம்னாருக்கா. உங்களை வேற எங்கயாவது மாத்திடலாம்னாரு. நான் ஒத்துக்கல.”

“நீ எதுக்கு ஒத்துக்கல?”

“பயம்தான். அது எழுதறதுல பாதி எனக்கே புரியறதில்ல. நீங்க பார்த்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது. பரிசுல உங்க பேரையும் சேர்க்கச் சொல்லிட்டேன்.”

அக்கா காபியைக் கீழே வைத்தாள். ஆப் வெளியே போய்விட்டதா என்று மெல்லக் கேட்டாள். நாளைக்குத்தான் என்றான். அப்பாடா என்றிருந்தது. அந்தச் ‘சரி’யைத் திரும்பப் பெற அவள் கை தானாக மவுசுக்குப் போனது.

“எங்கப்பா போன்ல மட்டும் காலையிலேயே போட்டுக் குடுத்துட்டேன்க்கா” என்றான் மின்னல். “நீங்க சரின்னு சொன்ன தைரியம்தான். மாத்திரை சாப்பிட்டோமாங்கறதே அவருக்கு மறந்துடும். இது சொன்னா தட்டாம கேப்பாரு. என்ன, சார்ஜ் தீர்ந்துடும்னு நாள் முழுக்க போனை அணைச்சு அணைச்சுப் போடுவாரு.”