பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழனன்று இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோலப் பங்குச்சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவி முத்தமிடுவார். இந்த வருடம் ‘மனித மாண்பு ஆண்டு’ என்பதால், பதினொரு பிரமுகர்களோடு சாக்கடை அள்ளும் இன்னாசிக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். “வரும்போது காலை நல்லாக் கழுவிட்டு வந்துருப்பா” என்று முந்தின நாளே சாமியார் சிரித்தபடி அவனிடம் சொல்லியிருந்தார்.

மாண்பைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு, மண்டியிட்டு அவன் காலில் நீர் வார்த்தார். தாம்பாளத்துத் தண்ணீர் சிவந்தது.

“என்னப்பா இது?”

“செங்கல்லை வச்சுத் தேய்ச்சேன் சாமி. தோலு கொஞ்சம் உரிஞ்சிருச்சு.”

கேமராக்காரர் நெருங்கி வந்தார். சாமியாரின் தலை குனிந்தபடியே நின்றது. முத்தமிட உதடு வரவில்லை. இன்னாசி காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“இன்னும் வாடை அடிக்குதா சாமி?”