எல்லை மீறிய சோதனை

“பெட்டியைத் திறங்க. எங்க போறீங்க?”

எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி. கஞ்சி போட்ட சீருடையில் நின்ற பெண் அதிகாரியை, பெட்டியோடு வந்தவர் முறைத்தார்.

“அந்தப் பக்கம். எங்க அக்கா வீட்டுக்கு.”

“எத்தனை நாள்?”

“கோபம் தீர்ற வரைக்கும். வீட்டுல சண்டை. லேட்டா வந்தா ஏன், சீக்கிரம் வந்தா ஏன்னு எதுக்கெடுத்தாலும் விசாரணை. மனுஷன் எப்படிங்க குடித்தனம் பண்றது?”

அதிகாரி அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. மடித்து வைத்திருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். சோப்பு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார்.

“சோப்பு டப்பாவுலயா மேடம் துப்பாக்கி இருக்கும்? எல்லையில நின்னு காவல் காக்கறதுதானே உங்க வேலை?”

“கள்ளப் பாஸ்போர்ட்டைப் பிடிக்கிறதும் நாங்கதான். ஆள் கடத்தறவனைத் துரத்தறதும், ஆத்துல படகுல ரோந்து போறதும் நாங்கதான். ஷூவைக் கழட்டுங்க.”

“உங்க படையில எல்லாருமே இப்படித்தானா?”

“நாய்ப் பிரிவு கொஞ்சம் தன்மையா இருக்கும். கூப்பிடவா?”

அவர் அவசர அவசரமாக ஷூவைக் கழற்றினார். அதிகாரி அதைத் தலைகீழாகத் தட்டினார். மண்தான் கொட்டியது.

“சட்டைப் பை?”

“சீப்பு. வேற ஒண்ணும் இல்ல.”

வரிசையில் பின்னால் காத்திருந்த லாரி டிரைவருக்குப் பொறுக்கவில்லை. பெட்டிக்காரரின் காதருகே குனிந்தார்.

“என்னண்ணே, இந்தக் குடை குடையறாங்க! இந்தம்மாவைக் கட்டினவன் போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினானோ!”

“நல்லவனாத்தான் இருந்திருப்பான், பாவம்” என்று அவர் பெருமூச்சு விட்டார்.

“லாரிக்காரரே, கோட்டுக்குப் பின்னால நில்லுங்க!”

அதட்டிய அதட்டலில் டிரைவர் தன் லாரி வரைக்கும் போய்விட்டார்.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தக் கையை ஓங்கிய அதிகாரி, அப்படியே நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜை மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

“சண்டையைத் திரும்பி வந்து வச்சுக்கலாம். வீட்டுச் சாவியை எங்கதாங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? டியூட்டி முடிஞ்சு போனா நான் எப்படி உள்ள போறது?”