கிரான்பி வேண்டாம்

"கிரான்பியை மட்டும் என்ன பண்றதுன்னே தெரியலைடி" என்றாள் மார்னி, பேகல் ரொட்டியில் க்ரீம் சீஸைத் தடவிக்கொண்டே.

ப்ரெனாவின் காது நிமிர்ந்தது. முகத்தை மட்டும் பாத்திரம் கழுவுகிறவளின் முகமாகவே வைத்துக்கொண்டாள்.

இருவரும் மினியாபொலிஸில் கடைசி வருட மருத்துவ மாணவிகள். வாடகையைப் பங்கு போட ஆள் தேடி, இந்த ஆகஸ்டில்தான் ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். ஒருத்தியின் குடும்பக் கதை இன்னொருத்திக்கு அவ்வளவாகத் தெரியாது.

இருவருக்குமே மகப்பேறு மருத்துவத்தில் மேற்பயிற்சி வேண்டும். அதற்கான நேர்காணல் இப்போதெல்லாம் வீடியோவில்தான். விமானச் செலவில்லை, மேலே கோட்டும் கீழே பைஜாமாவுமாக உட்கார்ந்தால் போதும். அதனால் நல்ல மதிப்பெண்காரர்கள் வருகிற அழைப்பையெல்லாம் வாரிக் கட்டிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் காத்திருப்போர் வரிசையில் கிடக்கிறார்கள். மார்னிக்கு இருபது அழைப்புகள். ப்ரெனாவுக்கு மூன்றே மூன்று. மார்ச்சில் எந்த மருத்துவமனையும் எடுக்காவிட்டால் ஒரு வருடம் வீணாகிவிடும் என்ற பயத்தில் அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

யாராவது ஓர் அழைப்பைக் கைவிட்டால், அந்த இடம் காத்திருப்பவர்கள் எல்லாருடைய போனுக்கும் ஒரே சமயத்தில் வரும். முதலில் அமுக்குகிறவருக்குக் கிடைக்கும். ப்ரெனா கிரான்பி ஊர் மருத்துவமனைக்குக் காத்திருந்தாள். குளிக்கப் போனால்கூட போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனாள்.

இதை மார்னியிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். மார்னி ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் ப்ரெனாவுக்கு ரோஷம் அதிகம்.

இருபதில் வேண்டாத மற்ற ஊர்களை மார்னி காலையிலேயே சுலபமாகக் கழித்துவிட்டாள். ஓர் ஊரில் வெயில், இன்னொன்றில் பழைய காதலன். கிரான்பியில் மட்டும் வண்டி நின்றுவிட்டது. போகவும் மனமில்லை, விடவும் தைரியமில்லை என்றாள்.

"பொதுவா நான் இதிலெல்லாம் தலையிட மாட்டேன்" என்று ஆரம்பித்தாள் ப்ரெனா. "ஆனா கிரான்பியைப் பத்தி நல்லபடியா யாரும் சொல்லலை."

"அப்படியா? என்ன சொல்றாங்க?"

ப்ரெனா கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அங்கே பயிற்சி மருத்துவர்களைச் சக்கையாகப் பிழிகிறார்கள் என்றாள். இரவு முழுக்கப் பிரசவம் பார்த்தவர்களை விடிந்ததும் அறுவை அரங்கில் நிறுத்துகிறார்களாம். போன வருடம் இரண்டு பேர் பாதியிலேயே ஓடிவிட்டார்களாம். கேள்விப்பட்டது கொஞ்சம், வாயில் வந்தது மிச்சம்.

மார்னி அக்கறையாகக் கேட்டாள். "அங்க தலைமை யாரு, டாக்டர் ஹால்வர்சன்தானே? அவங்க எப்படி?"

"அவளா? சரியான பிசாசு. நோயாளிங்க முன்னாடியே கத்துவாளாம். வேலையும் அப்படியொண்ணும் தெரியாதாம், யாரையோ பிடிச்சு மேல வந்தவளாம்."

"இதெல்லாம் நிஜமா? நான் நம்பி முடிவெடுக்கலாமா?"

"நான் சொன்னேன்னே வெச்சுக்கோ" என்றாள் ப்ரெனா.

மார்னி போனை எடுத்து வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். ஓர் அழைப்பை ரத்து செய்ய ஒரு வரி போதாதா என்று ப்ரெனா பொறுமையிழந்தாள். ஒருவழியாக மார்னி தலையை நிமிர்த்தினாள். "முடிஞ்சுது. கிரான்பியை விட்டாச்சு."

ப்ரெனாவின் பையில் போன் அதிர்ந்தது. குளியலறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு அமுக்கினாள். கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை காலை, டாக்டர் ஹால்வர்சனுடன் நேர்காணல். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, சத்தம் வராமல் கொஞ்சம் அழுதாள். மார்னியை ஏமாற்றியது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் பல நாளுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது.

முகம் கழுவிக்கொண்டு அவள் வெளியே வந்ததும் மார்னி எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

"உனக்குப் புண்ணியமாப் போகும்டி. ஒரு மாசமா இந்தச் சங்கடத்தை எப்படித் தீர்க்கிறதுன்னு தவிச்சிட்டிருந்தேன். டாக்டர் ஹால்வர்சன் என் சித்தி, எங்கப்பா ரெண்டாவதாக் கட்டிக்கிட்டவங்க. சும்மா வரலைன்னா, அவங்களைப் பிடிக்காமத்தான் வரலைன்னு அப்பா மனசு கஷ்டப்படுவார். அதான், 'என்மேல தப்பில்லை சித்தி, என்கூடத் தங்கியிருக்கிற ப்ரெனா காலஹன்தான் இப்படியெல்லாம் சொல்றா'ன்னு நீ சொன்னதை ஒண்ணுவிடாம அவங்களுக்கே எழுதிட்டேன்."